பழுப்பு நிறம் சான்றாகாது: எங்கள் ஊராட்சி மகளிர் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கூட்டமைப்புத் தலைவி, செயலாளர், பொருளாளர் மற்றும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

சென்ற மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் நீங்கள் நிறைவேற்றிய கடன் தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வாங்க முன்வரும் உறுப்பினர்களுக்கே இந்தச் சுற்றில் முன்னுரிமை என்றும், கறவை மாட்டுக்கும் தையல் இயந்திரத்துக்கும் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் விண்ணப்பித்தவர்கள் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்மானம் சொல்கிறது. அன்று கூடத்தில் நானும் இருந்தேன். எழுந்து கேள்வி கேட்டேன். எனக்குச் சொல்லப்பட்ட பதில் ஏன் பதிலாகாது என்பதை விளக்க அதன்பின் இருமுறை உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். "தீர்மானம் எழுதியாச்சு டீச்சர்" என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். ஆகவே ஊரார் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் குழு உறுப்பினர் அல்லேன் என்பது உண்மைதான். ஆயினும் இந்த அமைப்போடு எனக்குள்ள உறவு நேற்று வந்ததன்று. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து நம் ஊரில் அமைந்த முதல் குழுவில் என் தாயார் இருந்தார். கையெழுத்துப் போட மட்டுமே கற்றிருந்த அந்தப் பெண்களுக்கு, பள்ளி விட்டு வந்தபின், திண்ணையில் உட்கார்ந்து தீர்மானப் புத்தகம் எழுதிக் கொடுத்தவள் நான். ஒருத்தி குழுச் சேமிப்பிலிருந்து 200 ரூபாய் உள்கடன் கேட்டால் மற்றவர்கள் அவளை விடமாட்டார்கள். எதற்கு, எப்படித் திருப்பிக் கட்டுவாய், இந்தச் செலவில்லாமல் வேறு வழி உண்டா, நீ சொல்வது உண்மை என்பதற்கு யார் சாட்சி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கேள்வியையும் விடையையும் நான் அப்படியே எழுதுவேன். அன்று 200 ரூபாய்க்குக் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்றுகூட, சென்ற மாதம் அந்தக் கருவிக்காக 41 குடும்பங்கள் தலைக்கு 18,000 ரூபாய் வீதம் ஏற்றுக்கொண்ட 7,38,000 ரூபாய்க்குக் கேட்கப்படவில்லை. என் மனம் ஆறாமல் இருப்பது இதற்காகத்தான்.

நம் நிலத்தடி நீரில் கலந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடை நான் இலேசாக எண்ணுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என் தாயார் தம் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. களி கிண்டும் துடுப்பைப் பிடிக்கக் கை மடங்கவில்லை என்று அழுதவர் அவர். என் பற்களில் இருக்கும் பழுப்புக் கோடுகள் பிறந்த ஊர் கொடுத்தவை. கல்லூரியில் படித்த மூன்று ஆண்டுகளும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரித்திருக்கிறேன். நம் ஆழ்துளைக் கிணறுகளின் கதை எனக்குத் தெரியும். பாறை கரைந்து நீரில் சேரும் அந்தப் பொருளுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை; கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும். இந்த அச்சம் நம் எல்லோருடைய வீட்டிலும் இருக்கிறது. அன்று கூடத்துக்கு வந்த நிறுவனத்தார் கருவியை விற்பதற்கு முன்பு இந்த அச்சத்தைத்தான் கையில் எடுத்தார்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். தவறாக நினைவு வைத்திருந்தால் திருத்துங்கள்.

மேசைமேல் இரண்டு கண்ணாடிக் குவளைகள் வைக்கப்பட்டன. ஒன்றில் நம் மேல்நிலைத் தொட்டிக்கு அருகிலுள்ள ஆழ்துளைக் கிணற்று நீர், மற்றதில் அவர்கள் கருவியில் வடித்த நீர். வெள்ளை அங்கி அணிந்த ஓர் இளைஞர், உலோகக் கம்பிகள் தொங்கும் ஒரு பெட்டியை இரண்டு குவளைகள் மீதும் பொருத்தி மின்சாரம் பாய்ச்சினார். இரண்டு நிமிடத்தில் நம் நீர் பழுப்பாகி, நுரைத்து, அடியில் சேறு போலத் திரண்டது. அவர்களுடைய நீர் தெளிவாகவே நின்றது. "அக்கா, இந்தத் தண்ணியத்தான் உங்க பாப்பா தினமும் குடிக்குது. சொட்டுச் சொட்டா விஷம் ஏறுது. இதுதான் புளோரைடு, கண்ணால பாத்துக்குங்க" என்றார். கூடத்தில் யாரோ "ஐயோ" என்றது எனக்குக் கேட்டது. என் தம்பி மனைவி மடியிலிருந்த பேத்தியை இறுக்கிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் அந்தக் கணத்தில் எனக்கும் அடிவயிறு கலங்கியது.

மறுநாள் காலை அந்தக் கலக்கம் நீங்கியபின் ஒரு கேள்வி எழுந்தது. நிறமே இல்லாத புளோரைடு எப்படிப் பழுப்பாகும்? நான் பணியாற்றிய பள்ளியின் இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டேன். அவர் ஆய்வகத்திலேயே செய்து காட்டினார். உங்கள் குழுக்களைச் சேர்ந்த ஆறு பெண்கள் உடன் இருந்தார்கள். இரண்டு இரும்பு ஆணிகள், இரண்டு ஒன்பது வோல்ட் மின்கலங்கள், ஐந்து குவளைகள், அவ்வளவுதான். (வீட்டு மின்சாரத்தில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம், உயிருக்கு ஆபத்து.) ஆழ்துளைக் கிணற்று நீர் பழுத்தது. காவிரியிலிருந்து வரும் ஒகேனக்கல் குழாய் நீரும் சற்றுக் குறைவாகப் பழுத்தது. கருவியில் வடித்த நீர் தெளிவாகவே இருந்தது. அதே கருவி நீரில் அரைக் கரண்டி சமையல் உப்பைப் போட்டபோது, எல்லாவற்றையும்விட அடர்த்தியாகப் பழுத்தது. ஐந்தாவது குவளையில் இருந்த இளநீரும் நிறம் மாறிக் கலங்கியது.

பழுப்பாகத் தெரிந்தது கம்பியிலிருந்து கரைந்து வந்த இரும்பின் துரு. நீரில் உப்புகள் கரைந்திருந்தால் மின்சாரம் பாயும். மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரையும். கருவி நீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் அதில் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை. கரையும் உப்பு நல்லதா கெட்டதா என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. புளோரைடு இருக்கிறதா என்பது அறவே தெரியாது. அடுத்து அவர்கள் காட்டிய பேனா போன்ற மீட்டரும் அத்தகையதே. அது நீரின் மின்கடத்தும் திறனை வைத்துக் கரைந்த பொருள்களின் மொத்த அளவை மதிப்பிடுகிறது. நம் நீரில் லிட்டருக்கு 900 மில்லிகிராம் என்று காட்டினால் அதில் பெரும்பகுதி சுண்ணாம்பும் சோடியமும் குளோரைடும்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் புளோரைடு விரும்பத்தக்க வரம்பு, வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5-தான். 900-க்குள் அந்த ஒன்றரை மறைந்திருக்கிறதா, மூன்று மறைந்திருக்கிறதா என்று அந்த மீட்டரால் ஒருபோதும் சொல்ல முடியாது.

உங்களில் மூவர் என்னிடம் தமிழ் படித்தவர்கள். மணிமேகலையின் கதையை வகுப்பில் சொன்னபோது, காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குக் கற்பித்த அளவையியலை, அதாவது ஒரு கூற்றை நிறுவும் முறையை, பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், ஒரு பாடவேளை முழுவதும் எடுத்துச் சொன்னது நினைவிருக்கலாம். "இம்மலை நெருப்புடைத்து" என்பது நிறுவ வேண்டிய கூற்று, அதாவது பக்கம். "புகையுடைத்து ஆதலால்" என்பது அதற்குக் காரணம், அதாவது ஏது. "அடுக்களை போல்" என்பது எடுத்துக்காட்டு, அதாவது திட்டாந்தம். அதோடு நில்லாமல், நெருப்பில்லாத இடத்தில் புகை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்கிறார் அடிகள். அந்தக் காதையின் பெரும்பகுதி, கூற்றிலும் காரணத்திலும் எடுத்துக்காட்டிலும் போலிகள் எப்படி நுழைகின்றன என்பதை வகை பிரித்துச் சொல்வது. காரணம் போலத் தோன்றி, நிறுவ வந்த பொருள் இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒன்றுபோல நிற்கும் ஏதுவை அநைகாந்திகம் என்று அது பெயரிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நாம் பார்த்தது அதுவே. "இந்நீரில் புளோரைடு உண்டு, கம்பி வைத்தால் பழுத்தலால்" என்றார்கள். இளநீரும் பழுக்கிறது, உப்புப் போட்ட கருவி நீரும் பழுக்கிறது என்றால், பழுத்தல் எதை நிறுவும்? உப்பைப் போட்டுப் பார் என்று கேட்க அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவ்வளவு நேரத்தை அவர்கள் நமக்குத் தரவில்லை. பழுப்பு நிறம் கண்முன் நிற்கும்போதே கையொப்பப் படிவம் வந்துவிட்டது.

அதற்குப்பின் மேடையேறிய பெரியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. கருவி நீரைக் குடித்த மூன்றே வாரத்தில் முழங்கால் வலி போய்விட்டது என்று அவர் சொன்னார். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. தமக்கு நேர்ந்ததைச் சொன்னார். கூட்டம் முடிந்து தேநீர் கொடுத்தபோது அவரருகில் உட்கார்ந்து பேசினேன். அதே மூன்று வாரமும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டதாகவும், மகன் கட்டாயப்படுத்தியதால் களையெடுப்புக்குப் போகாமல் வீட்டில் இருந்ததாகவும் சொன்னார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கையைப் பாராட்ட மாட்டோம் அல்லவா? எலும்பில் பல ஆண்டுகளாகப் படிந்த புளோரைடு மூன்று வாரத்தில் இறங்கிப் போகாது. பல்லில் விழுந்த கறை எந்தத் தண்ணீராலும் மறையாது. என் தாயாரின் வலியை அருகில் இருந்து பார்த்தவள் என்பதால், இந்தப் பொய் நம்பிக்கையை மேடை போட்டுக் கொடுப்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

நான் எழுந்து கேட்ட கேள்வி எளியது. "உங்கள் கருவிக்குள் போகும் நீரிலும் வெளிவரும் நீரிலும் புளோரைடு எவ்வளவு என்று ஏதாவது ஆய்வகத்தில் சோதித்த அறிக்கை இருக்கிறதா?" என்று கேட்டேன். முதலில் பேசியவர் பெங்களூரிலிருந்து வரும் கழிவைப் பற்றியும், கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையைப் பற்றியும், அதனால் வரும் நோய்களைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசினார். அணையில் நுரை பொங்குவது உண்மைதான். தென்பெண்ணையாற்றில் நாம் எல்லோரும் வெட்கப்பட வேண்டிய உண்மை. ஆனால் நம் ஊருக்கு வருவது தென்பெண்ணை நீர் அன்று. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் சொல்லும்போது "மற்றொன்று விரித்தல்" என்று ஒன்றைச் சொல்கிறது. கேட்ட பொருளை விட்டுக் கேளாத பொருளைப் பெருக்கினால், கேட்டவர் தாம் கேட்டதையே மறந்துபோவார். கூடமும் மறந்தது. நான் மறக்காமல் மறுபடியும் கேட்டேன். அப்போதுதான் அவர்களுடைய மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சருக்கு மாசம் பொறந்தா பென்ஷன் வருது, கேன் தண்ணி வாங்கிக் குடிப்பாங்க. உங்களுக்கு யாரு இருக்கா?"

கூடம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், தலைவி அவர்களே. அந்தச் சிரிப்பு என்னைப் புண்படுத்தியதைவிட, அதோடு என் கேள்வி செத்துப்போனது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. நான் குடிப்பது ஒகேனக்கல் குழாய் நீர், நீங்கள் குடிப்பதும் அதுவே. நான் கேன் நீர் குடிப்பவளாகவே இருந்தாலும், ஓய்வூதியம் வாங்குபவள் கேட்டதால் ஆய்வறிக்கை தேவையில்லாமல் போய்விடுமா? சொன்னவர் யார் என்பதை வைத்துச் சொல்லை ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம் என்பதைத்தான் "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்ற குறள் நமக்குச் சொல்கிறது. அந்தக் கூடத்தில் இரண்டும் நடந்தன. வெள்ளை அங்கி போட்டிருந்ததால் ஓர் இளைஞரின் சொல் மருத்துவர் சொல்லாக ஏற்கப்பட்டது. கேட்டபோது, தாம் மருத்துவர் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். ஓய்வூதியத்தைக் காட்டி என் சொல் தள்ளப்பட்டது.

விலையைச் சொன்ன விதத்தையும் எண்ணிப் பாருங்கள். 18,000 ரூபாய் என்ற எண் கடைசிவரை யார் வாயிலும் வரவில்லை. "ஒரு நாளைக்கு ரெண்டு டீ காசு, 25 ரூபா" என்பதே திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. மாதத் தவணை 750, இருபத்து நான்கு மாதம் என்பதைப் படிவத்தின் அடியில் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். ஆண்டுதோறும் மாற்ற வேண்டிய வடிகட்டிகளுக்கும் சவ்வுக்கும் ஆகும் செலவு படிவத்திலும் இல்லை. இத்தகைய கருவிகள் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளும். வாரத்துக்கு மூன்று நாள் குழாய் வரும் ஊரில் அந்த மூன்று லிட்டர் யார் குடத்திலிருந்து போகும்? வடிகட்டப்பட்ட புளோரைடு முழுவதும் அந்தக் கழிவு நீரில்தான் செறிந்திருக்கும் என்பதால் அதை மாட்டுத் தொட்டியில் ஊற்றலாமா என்று யாராவது சொன்னார்களா? இவையெல்லாம் நன்னூல் சொல்லும் குன்றக் கூறல், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது. "99.9 சதவீதம் சுத்தம்" என்றது, எதில் 99.9 என்று சொல்லாத வரையில், மிகைபடக் கூறல்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இவ்வகைச் சவ்வுக் கருவிகள் நன்றாகப் பராமரிக்கப்பட்டால் புளோரைடைக் குறைக்கவே செய்யும். கருவியே பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கருவி நம் நீருக்குத் தேவையா, அந்த விலைக்குத் தகுமா, சவ்வு தேய்ந்தபின்னும் வேலை செய்யுமா என்ற மூன்றும் சோதித்து அறிய வேண்டியவை. அவற்றுள் ஒன்றையாவது அவர்கள் நிறுவவில்லை. "புள்ளையா, பணமா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார்கள். இரண்டே வழிதான் உள்ளது என்று சொல்லிவிட்டால் எந்தத் தாய் பணத்தின் பக்கம் நிற்பாள்? நமக்கு வேறு வழிகளும் இருந்தன. அவற்றைக் கீழே சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது கை தூக்கிய நிகழ்ச்சி. "உங்க குழந்தைக்கு நல்ல தண்ணி வேணும்னு நினைக்கிறவங்க மட்டும் கை தூக்குங்க" என்றதும் எல்லோரும் தூக்கினோம், நானும் தூக்கினேன். யார் தூக்காமல் இருப்பார்கள்? அதைப் படம் எடுத்தார்கள். நம் கூட்டம் தொடங்கும்போது, இன்னோர் ஊரில் பெண்கள் கை தூக்கி நிற்கும் படத்தைத் திரையில் காட்டி, "அந்த ஊர்ல எல்லா குழுவும் ஒத்துக்கிட்டாங்க" என்று அவர்கள் சொன்னது நினைவிருக்கிறதா? சென்ற வாரம் என் நாத்தனார் தம் ஊரில் கொடுத்த துண்டறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். அதில் நம் சமுதாயக் கூடம், நம் கைகள். கருவியை ஏற்றுக்கொண்ட ஊர் என்று கீழே அச்சிட்டிருந்தார்கள். நல்ல நீர் வேண்டும் என்று தூக்கிய கை, விற்பனைக்குச் சாட்சியாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. நம்மிடம் காட்டிய படத்திலிருந்த பெண்களும் இதே கேள்விக்குத்தான் கை தூக்கியிருப்பார்கள் என்று இப்போது எண்ணுகிறேன்.

சொல்வன்மையின்மேல் எனக்குப் பகை கிடையாது. முப்பது ஆண்டுகள் அணி இலக்கணம் கற்பித்தவள் நான். இந்த மண் தகடூர் நாடு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் கண்டு, உன் ஆயுதங்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மனையில் அழகாக இருக்கின்றன, அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்னதைப் புறநானூற்றில் படிக்கிறோம். புகழ்வது போலப் பழித்து, பழிப்பது போலப் புகழ்ந்த அந்தச் சொல்லில் மறைப்பு எதுவும் இல்லை. கொட்டில் அவன் கண்ணெதிரே இருந்தது. வேண்டுமானால் ஒற்றரை அனுப்பித் தகடூர் உலைக்களத்தையும் பார்த்திருக்கலாம். கேட்டவனைச் சிந்திக்க வைத்துப் போரைத் தவிர்ப்பதற்காகச் சொன்ன சொல் அது. நம் கூடத்தில் சொன்னவை, "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போட்டா ரெண்டாயிரம் தள்ளுபடி" என்று சிந்திக்கும் நேரத்தையே பறித்துக்கொண்ட சொற்கள்.

இனி, நமக்கு இருக்கும் வழிகளைச் சொல்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் புளோரைடுத் துன்பத்துக்காகவே ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் தணிப்புத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு தீட்டப்பட்டு, 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1,928.80 கோடி ரூபாய் மதிப்பீட்டில் நிறைவேற்றப்பட்டு, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தக் காவிரி நீர் நம் தெருக்குழாய்க்கும் வருகிறது. குறை என்னவென்றால், அது போதாத நாட்களில் ஊராட்சி ஆழ்துளைக் கிணற்று நீரை அதே தொட்டியில் கலந்து விடுகிறது. எந்த நாளில் எவ்வளவு கலக்கிறார்கள் என்று யாருக்கும் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மேசையில் வைத்தது கலக்காத ஆழ்துளைக் கிணற்று நீர் என்பதையும் கவனியுங்கள். நம் வீட்டுக் குழாயிலிருந்து ஒரு குவளைகூட எடுக்கவில்லை. களியும் சோறும் குழம்பும் குழாய் நீரில்தான் வேகின்றன. குடிக்க மட்டும் பத்து லிட்டர் வடித்துவிட்டுச் சமையலைப் பழைய நீரிலேயே செய்தால் புளோரைடு உணவோடு உள்ளே போகத்தான் செய்யும். அதைச் சரிசெய்யத் தொட்டியைச் சரிசெய்ய வேண்டும்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர் சோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. நம் ஊரில் பயிற்சி பெற்றவர்களில் இருவர் உங்கள் நிர்வாகக் குழுவிலேயே இருக்கிறார்கள். அந்தப் பெட்டியில் புளோரைடைக் கண்டறியவென்றே நீரில் சொட்டுவிடும் ஒரு தனி வேதிக்கரைசல் உண்டு. நிறம் மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெட்டி ஊராட்சி அலுவலக அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. துல்லியமாக அறிய வேண்டுமென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நீர்ப் பரிசோதனைக் கூடம் தர்மபுரியிலேயே இருக்கிறது. உண்மையை அறியும் கருவிகள் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, இரும்புக் கம்பியின் துருவைப் பார்த்து 7,38,000 ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

என் வேண்டுகோள்கள் இவை.

கடன் முன்னுரிமை பற்றிய தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே நிறுத்தி வையுங்கள். மாட்டுக்கும் தையல் இயந்திரத்துக்கும் படிப்புக்கும் விண்ணப்பித்தவர்களின் மனுக்களை அவற்றுக்குரிய வரிசையில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுள் ஒருத்தியின் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கடைசி நாள் இம்மாத இறுதியில் வருகிறது.

நான்கு இடங்களில் நீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்: ஆழ்துளைக் கிணறு, மேல்நிலைத் தொட்டி, ஏதேனும் ஒரு வீட்டுக் குழாய், ஏற்கெனவே பொருத்திய ஒரு கருவியின் வெளிநீர். புளோரைடு சோதனைக்குக் கண்ணாடிக் குப்பி ஆகாது, நெகிழிக் குப்பியிலேயே எடுக்க வேண்டும். முடிவு எதுவாக இருந்தாலும் கூட்டமைப்பு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். கருவி தேவை என்று அந்த முடிவு காட்டினால் நான் எதிர்த்து ஒரு சொல்லும் பேச மாட்டேன்.

நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். முழங்கால் வலி தீரும் என்று மேடையில் சொன்னதையும், பழுத்த நிறமே புளோரைடு என்று சொன்னதையும் முத்திரையிட்ட தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வடிகட்டிச் செலவு, கழிவு நீரின் அளவு, பழுதானால் எத்தனை நாளில் வருவார்கள் என்பதையும் அதே தாளில் கேளுங்கள். தர மறுத்தால், கருவி இன்னும் வராத 29 குடும்பங்களின் படிவங்களைத் திரும்பப் பெறுங்கள். பொருத்திய 12 குடும்பங்களுக்கும் விருப்பப்பட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமையைக் கேட்டுப் பெறுங்கள். பக்கத்து ஊர்த் துண்டறிக்கையிலிருந்து நம் படத்தை நீக்கச் சொல்லி ஒரு கடிதம் அனுப்புங்கள்.

அவர்கள் இணங்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூட்டமைப்பின் பெயரில் புகார் பதியுங்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல்முறை 10 இலட்சம் ரூபாய் வரையும் மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையும் அபராதம் விதிக்க 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. மனு எழுதும் வேலையை நான் செய்கிறேன்.

அடுத்த கிராம சபையில், தொட்டியில் என்றைக்கு எவ்வளவு கிணற்று நீர் கலக்கப்படுகிறது என்பதைத் தினமும் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்றும், பூட்டிய சோதனைப் பெட்டியைப் பயிற்சி பெற்ற பெண்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் கூட்டமைப்பின் சார்பில் தீர்மானம் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, இனி எந்த நிறுவனம் நம் கூடத்தில் பேச வந்தாலும் அன்றைக்கே கையெழுத்து வாங்கக் கூடாது என்று விதி செய்யுங்கள். பதினைந்து நாள் கழித்து, விற்பவர் இல்லாத கூட்டத்தில், உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்குக் கிடைத்த விடைகளும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்ட பிறகு முடிவு எடுங்கள். நம் முதல் குழுவின் பழைய புத்தகங்கள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. எப்படி எழுதினோம் என்று பார்க்க வேண்டுமானால் கொண்டுவருகிறேன்.

வரும் புதன்கிழமை காலை ஏழு மணிப் பேருந்தில் நீர்க் குப்பிகளோடு தர்மபுரிக்குப் போக நான் ஆயத்தமாக இருக்கிறேன். பேருந்துச் செலவும் சோதனைக் கட்டணமும் என்னுடையவை. குப்பிகளில் நீர் எடுக்கும்போது உடன் நின்று, முத்திரை வைத்துக் கையொப்பமிட உங்களில் இருவரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்